எப்போது குடிக்கலாம் என்று சொல்கிறவர்

அந்த மனிதர் உட்கார்ந்து நான் பார்த்தது பதினோரு வருஷத்தில் நாலைந்து தடவைதான் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டையும் நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். ஒரு கை டப்பாவில், இன்னொரு கை அலமாரியில் ஏதாவது ஒரு பாட்டிலைச் சரிசெய்துகொண்டிருக்கும். எங்கள் ஒயின் கடையில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவோம். "பம்பரம் அண்ணே" என்றால் "என்னடா வண்டி" என்பார். நான் கடையின் வேன் ஓட்டுகிறவன், அதனால் எனக்கு அந்தப் பெயர்.

மேலே தெருவைப் பார்த்த கடை. உள்ளே போய்ப் பதினாறு படி இறங்கினால் கிடங்கு. நீளமான அறை, ஜன்னல் கிடையாது, கோடையிலும் ஸ்வெட்டர் கேட்கும். அந்த அறைக்கு இரண்டு சாவி. ஒன்று முதலாளியம்மாவிடம், ஒன்று பம்பரம் அண்ணனிடம். எந்தப் பாட்டில் எந்த வருஷத்துத் திராட்சை, அதை எப்போது குடித்தால் குடித்தது, எப்போது தாண்டினால் போனது, எல்லாம் அவர் தலைக்குள். அலமாரி விளிம்பில் சாக்பீஸால் எழுதி வைப்பார். "இந்த வருஷம்." "இன்னும் ரெண்டு." ஓர் அலமாரியில் மட்டும் "தொடாதே."

வீட்டில் சும்மா கிடக்கும் பாட்டிலைப் பற்றிக் கேட்டுத் தினமும் யாராவது போன் செய்வார்கள். கடைப்பெண் போனைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடுவாள். அவர் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டு நடந்தபடியே பேசுவார்.

"எத்தனை வருஷமா வச்சிருக்கீங்க?... அஞ்சு. வெள்ளையா, சிவப்பா?... வெள்ளை. எங்க வச்சிருக்கீங்க?... அடுப்புக்கு மேலயா! சரி, படுத்திருக்கா, நிக்குதா?... நிக்குது. மூடி திருகு மூடியா, தக்கையா?... ம். அஞ்சு வருஷமா எதுக்கு சார் வச்சிருந்தீங்க?... ஒரு நல்ல நாள் பார்த்துக் குடிக்கலாம்னா? அந்த நல்ல நாள் வந்து மூணு வருஷத்துக்கு முன்னாடியே போயிடுச்சு சார். குழம்புல ஊத்துங்க."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கத்துவார், நான்தான் அந்தப் பாட்டிலை வைத்திருந்த மாதிரி. "வச்சா வச்சா நல்லா ஆகும்னு எவன்டா இவங்ககிட்ட சொன்னது? கடையில விக்கிற நூறு பாட்டில்ல தொண்ணூறு, வாங்கின கையோட குடிக்கறதுக்குன்னே தயாரிக்கறது. சாதா வெள்ளை ஒண்ணு ரெண்டு வருஷம், சாதா சிவப்பு மூணு வருஷம், அவ்வளவுதான். பத்து வருஷம், இருபது வருஷம் தாங்கறது ஏதோ கொஞ்சம். அதையும் இருட்டுல, குளிர்ச்சியில, ஆட்டாம அசைக்காம வைக்கணும். தக்கை போட்டதைப் படுக்க வைக்கணும், இல்லாட்டித் தக்கை காஞ்சு காத்து உள்ள போகும். இவங்க என்னடான்னா பிரிட்ஜ் தலையில நிக்க வச்சுட்டு, ஒட்டியிருக்கற சீட்டுல இருக்கற வருஷத்தைப் பார்த்துக் கெடுவு தேதின்னு பயப்படறாங்க. அது திராட்சை பறிச்ச வருஷம்டா!"

"எனக்குத் தெரியும்ணே."

"உனக்கு என்ன தெரியும்? நீ வண்டியை ஒழுங்கா ஓட்டு. ஒவ்வொரு மேடு பள்ளத்துலயும் என் பாட்டில் கதறுது."

இதெல்லாம் பாதி வேலைதான். மீதிப் பாதி மூக்கு. பாட்டில் சரியில்லை என்று யாராவது திருப்பிக் கொண்டுவந்தால் தீர்ப்புச் சொல்கிறவர் அவர். இடுப்பில் சங்கிலி போட்டு ஒரு தக்கைத் திருகி தொங்கும். பழைய முதலாளி, அதாவது முதலாளியம்மாவின் அப்பா, கையில் கொடுத்தது. கிளாஸில் இரண்டு விரல் ஊற்றுவார், வெள்ளைக் காகிதத்துக்கு மேலே சாய்த்து நிறம் பார்ப்பார், மூக்கை விடுவார். அந்த ஒரு நிமிஷம் மட்டும் ஆள் அசையமாட்டார். பிறகு ஒரே வார்த்தை. "போச்சு." அல்லது "நல்லது." அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அவர் "போச்சு" என்றால் முதலாளியம்மா மறுபேச்சில்லாமல் வேறு பாட்டில் கொடுத்துவிடுவார்.

கெடுகிற வகை எல்லாம் கண்ணுக்குத் தெரியாது. சூட்டில் வெந்த பாட்டிலில் தக்கை முட்டிக்கொண்டு வெளியே நிற்கும். காற்றுப் புகுந்தது பழுப்பாகும், கழுத்து வரை இருந்த மட்டம் தோளுக்கு இறங்கும். இவற்றை நான்கூடச் சொல்லிவிடுவேன். ஆனால் தக்கையிலேயே ஒரு நோய் உண்டு. நூற்றுக்கு ஒன்று இரண்டு பாட்டிலுக்கு வரும். நிறம் மாறாது, மட்டம் இறங்காது, குடித்தால் உடம்புக்கும் ஒன்றும் ஆகாது. ஈர அட்டைப்பெட்டி நாற்றம் மட்டும் அடிக்கும். அது மூக்குக்குத்தான் பிடிபடும்.

அந்த மூக்குதான் போனது.

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல். ஒரு வாரம் லீவு போட்டார், அது ஒன்றே ஊருக்கு ஆச்சரியம். திரும்பி வந்தவர் வழக்கம்போலச் சுழன்றுகொண்டுதான் இருந்தார். செவ்வாய்க்கிழமை சரக்கு எடுக்க என்னோடு வேனில் ஏறினார். நான் எல்லா ஜன்னலையும் இறக்கினேன்.

"ஏண்டா, குளிருது. ஏத்து."

"அண்ணே, உங்களுக்கு நாத்தம் தெரியலையா?"

"என்ன நாத்தம்?"

"டீசல் கேன் கவுந்திருக்கு. உங்க காலுக்குக் கீழதான்."

அவர் குனிந்து செருப்பைப் பார்த்தார். கால் நனைந்திருந்தது. வேனில் ஏறினால் எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும் அந்தக் கால் நின்றுவிட்டது.

"பதினேழு நாளாச்சு," என்றார். "ஒண்ணுமே தெரியல. சோப்பு தெரியல, புகை தெரியல. நாக்குல உப்பு, புளிப்பு, இனிப்பு தெரியுது. அதுக்கு மேல தண்ணி குடிக்கற மாதிரிதான். வந்தாலும் வரும், வராமலும் போகும்ங்கறான் டாக்டர். அதைச் சொல்ல ஒரு டாக்டரா?"

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"நீ என்ன லூசா? இந்த வேலைக்கு என்னை வச்சதே மூக்குக்குத்தான். அம்பத்திமூணு வயசு. வேற என்ன தெரியும் எனக்கு? வரும்டா. வர்ற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு."

மூடிக்கொண்டேன். அது என் தப்பு, பிற்பாடுதான் உறைத்தது.

அவர் மனைவி ஒரு சலவைக்கூடத்தில் துணி பிரித்து மடிக்கிற வேலை பார்க்கிறார். அண்ணி வாழ்க்கையில் ஒயின் குடித்ததில்லை. ஆனால் நூறு துவாலை அடுக்கில் காயாத துவாலை எது என்று அடுக்கைக் கலைக்காமலே சொல்லுவார். பம்பரம் அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்த பாட்டிலை "நாளைக்குச் சொல்றேன், கொஞ்சம் ஆறட்டும்" என்று வாங்கி வைப்பார். மத்தியானம் அதில் கொஞ்சம் சின்ன பாட்டிலில் ஊற்றிக்கொண்டு சலவைக்கூடத்துக்கு ஓடுவார். நான் ஓட்டுவேன், அவர் ஓட்டச் சொல்லித் துரத்துவார்.

முதல் தடவை மூன்று பாட்டில். அண்ணி இஸ்திரிப் புகைக்கு நடுவில் நின்று ஒவ்வொன்றாக மோந்தார்.

"எல்லாம் ஒரே வாசனைதான் அடிக்குது."

"என்ன வாசனை? ஈர வாசனையா? ஈரமா?"

"இல்ல. இனிப்பா, மருந்து மாதிரி."

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. மருந்து வாசம் வந்தால் சரக்கே கெட்டது என்று திரும்பி வந்து ஒரு முழுப் பெட்டியை ஒதுக்கி வைத்தார். இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் அண்ணி கேட்டு அனுப்பியிருந்தார்: "அது இருமல் மருந்து பாட்டில்தானே? கழுவினீங்களா?" அண்ணன் வெறும் தண்ணீரில்தான் அலசியிருந்தார். வாசம் போயிற்றா என்று பார்க்க மூக்கு வேண்டுமே! ஒதுக்கிய பெட்டியைச் சத்தமில்லாமல் பழைய இடத்தில் வைத்தார். அதற்குப் பிறகு அண்ணி வெந்நீரில் கொதிக்கவைத்த ஜாம் குப்பிகள் வந்தன. அந்த ஏற்பாடு ஒரு மாதிரி ஓடியது. ஆனால் ஆள் இளைத்தார். பாட்டிலைப் பார்த்த கண் வாசலைப் பார்க்கும், வாசலைப் பார்த்த கண் கடிகாரத்தைப் பார்க்கும்.

நாலாவது மாதம் தையல்கார அம்மா வந்தார். நாலு தெரு தள்ளி ஒற்றை மெஷின் போட்டுத் தைக்கிறவர். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் என்று ஒரு நல்ல சிவப்பு வாங்கிப்போயிருந்தார். முந்தின நாள் திறந்து, முக்கால் பாட்டிலை அப்படியே கொண்டுவந்திருந்தார்.

"என்னமோ ஈரச் சாக்கு வாசம் அடிக்குதுங்க. எங்களுக்குப் பழக்கமில்ல. இப்படித்தான் இருக்குமா?"

அண்ணன் வழக்கம்போல "நாளைக்கு" என்றார்.

"நாளைக்குக் கடையை விட்டு வர முடியாதுங்க. இப்பவே சொல்லிடுங்களேன். நான் நிக்கறேன்."

முதலாளியம்மா கல்லாவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கிளாஸில் ஊற்றினார். நிறம் அருமையாக இருந்தது, மாதுளை மாதிரி. மூக்கை விட்டார். வழக்கமான அந்த ஒரு நிமிஷம். பிறகு சொன்னார்: "நல்லது. இந்த வகை இப்படித்தான் இருக்கும்மா. பழகாத நாக்குக்குக் கொஞ்சம் அப்படித் தெரியும்."

தையல்கார அம்மா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "ஓ, எங்களுக்குத்தான் தெரியலையா," என்று சிரித்தார். "எங்க வீட்டுக்காரர்கூட நல்லாயிருக்குன்னு சொல்லி ஒரு கிளாஸ் குடிச்சாரு, பாவம். நான்தான் பிடிவாதமா எடுத்துக்கிட்டு வந்துட்டேன்." பாட்டிலை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் ஜாம் குப்பி சலவைக்கூடத்துக்குப் போனது. அண்ணி மூடியைத் திறந்த உடனே தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஐயே. மூட்டை கட்டி மூணு நாள் போட்ட ஈரத்துணி."

"நல்லா பாரு."

"என்னத்தை நல்லா பார்க்க? இதுக்கு மூக்கே வேண்டாம்."

அண்ணி அதை வேண்டுமென்றே சொல்லவில்லை. ஆனால் வேனுக்குத் திரும்பும்போது அண்ணன் கதவைச் சாத்திய சாத்தில் கண்ணாடி விரிசல் விட்டிருக்கும்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். வேறு பாட்டில் கொடுக்க வேண்டும், கொடுத்தால் ஏன் என்று முதலாளியம்மா கேட்பார், நல்லது என்று சொன்ன வாய் எப்படி மாறியது என்று சொல்ல வேண்டும், சொன்னால் திருகியைக் கழற்றி வைக்க வேண்டும். இதை ஒரு நாளைக்கு ஆறு தடவை எனக்குச் சொல்லிக் காட்டுவார். தையல்கடைத் தெருவழியாக வேன் போகக்கூடாது என்றார். அதைச் சுற்றிக்கொண்டு போக எனக்குத் தினமும் கால் மணி நேரம் கூடுதல். ஒரு நாள் தடுப்பு போட்டிருந்ததால் அந்தத் தெருவுக்குள் போகவேண்டி வந்தது. அம்பத்திமூணு வயது ஆள் செருப்பைத் தேடுகிற மாதிரி சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டார்.

"அண்ணே, அந்தம்மா தைச்சுக்கிட்டு இருக்காங்க. தலையைக்கூடத் தூக்கல."

"நீ ஓட்டுடா."

கிடங்கிலும் தாறுமாறு. இருந்த பாட்டிலை எடுத்து வேறு அலமாரியில் வைப்பார், மறுநாள் பழைய இடத்துக்கே கொண்டுவருவார். சாக்பீஸில் எழுதியதை அழித்து அதையே மறுபடி எழுதுவார். ஆட்டாதே அசைக்காதே என்று என்னைத் திட்டின மனிதர்!

எட்டாவது மாதம் ஓட்டல்காரர் வந்தார். ஊரில் பெரிய ஓட்டல். அவர் அப்பா ஓட்டல் திறந்த வருஷம் நாற்பத்தெட்டு பாட்டில் சிவப்பு வாங்கி ஓட்டலின் அடித்தளத்தில் போட்டு வைத்திருந்தாராம். இருபத்திரண்டு வருஷம். அவற்றை எங்கள் கிடங்குக்குக் கொண்டுவந்தோம். கேள்வி ஒன்றுதான்: அடுத்த வாரம் விருந்து இருக்கிறது, அதில் திறப்பதா, ஓட்டலின் இருபத்தைந்தாம் வருஷத்துக்காக இன்னும் மூன்று வருஷம் வைப்பதா?

இரண்டு நாள் அண்ணன் பழைய ஆளாகிவிட்டார். நாற்பத்தெட்டையும் டார்ச் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐந்து பாட்டிலில் மட்டம் தோளுக்கு வந்திருந்தது, அதைத் தனியே எடுத்தார். மற்றவை கழுத்தில். டார்ச் வெளிச்சத்தில் விளிம்பு செங்கல் நிறம் காட்டியது. மண்டி அடியில் படிந்திருந்தது, அது குற்றமில்லை என்றார். வியாழக்கிழமை காலை ஓட்டல்காரரும் முதலாளியம்மாவும் கீழே இறங்கி வந்தார்கள். பெட்டி நகர்த்த நானும் நின்றேன்.

"வைக்காதீங்க," என்றார் அண்ணன். "மேடேறி இறங்க ஆரம்பிச்சிடுச்சு. மூணு வருஷம் வச்சா உங்க அப்பா வாங்கினது இருக்காது, அதோட கண்ணாடிதான் இருக்கும். அடுத்த வாரமே திறங்க. இந்த அஞ்சை விருந்துக்கு வைக்காதீங்க."

"ஒண்ணு திறந்து பார்த்துச் சொல்லிடுங்க," என்றார் ஓட்டல்காரர்.

திறந்தார். இருபத்திரண்டு வருஷத் தக்கை உடையாமல் வந்தது. அந்தக் கை மட்டும் ஆடவேயில்லை. கிளாஸில் ஊற்றினார். முதலாளியம்மா இன்னொரு கிளாஸை ஓட்டல்காரரிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்கு?" என்று ஓட்டல்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அண்ணன் சொன்னா முடிஞ்சுது. நான் மோந்து பார்த்து என்ன ஆகப்போகுது? என்னோடது பழகாத மூக்கு."

அண்ணன் மூக்குக்குக் கொண்டுபோன கிளாஸ் பாதியில் நின்றது. ஒரு நிமிஷம். இரண்டு. வழக்கத்தைவிட நேரமாகிறது என்று முதலாளியம்மா நிமிர்ந்து பார்த்தார். நல்லது என்று சொல்லிவிட்டால் போதும். நாலெழுத்து.

"அம்மா," என்றார், "எனக்கு வாசனை தெரியாது."

"என்ன?"

"மூக்கு போயிடுச்சு. மழைக்காலத்துலேர்ந்து. நிறம், மட்டம் எல்லாம் சரியாத்தான் சொன்னேன். இதுக்கு மேல இது நல்லதா போச்சான்னு எனக்குத் தெரியாது. நீங்க பாருங்க."

முதலாளியம்மா கிளாஸை வாங்கி மோந்தார். பிறகு என்னிடம் நீட்டினார். எனக்குத் தெரிந்தது காய்ந்த பழம் வைத்த பெட்டியும், கொஞ்சம் தோலும். ஈரம் இல்லை. ஓட்டல்காரரும் கடைசியில் வாங்கிக் குடித்தார்.

"அட, பிரமாதமா இருக்கே!" என்றார். "நல்லதுன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுபோயிருக்கும். எதுக்கு இந்தக் குழப்பம்?"

"எட்டு மாசம்," என்றார் முதலாளியம்மா, அண்ணனிடம். "எட்டு மாசமா என் கடையில நின்னு மோந்து பார்க்கற மாதிரி நடிச்சிருக்கீங்க."

"ஆமா."

"இவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா," என்றேன். அன்று எனக்கும் கிடைத்தது, அதை இங்கே எழுத வேண்டாம்.

ஓட்டல்காரர் போன பிறகு ஜாம் குப்பி, அண்ணி, சலவைக்கூடம், தையல்கார அம்மா எல்லாம் வெளியே வந்தன. இருமல் மருந்து கதைக்கு முதலாளியம்மாவின் உதடு கொஞ்சம் ஆடியது, ஆனால் சிரிக்கவில்லை. திருகியைக் கேட்டார். அண்ணன் சங்கிலியோடு கழற்றிக் கொடுத்தார். அறைச் சாவியையும் எடுத்து நீட்டினார்.

"சாவியை யார் கேட்டா? கண்ணு இருக்கில்ல? எப்ப குடிக்கணும்னு எழுதறதை எழுதுங்க. திரும்பி வர்றதை இனிமே நான் பார்த்துக்கறேன். மத்ததை மாசக் கடைசியில பேசலாம்." பிறகு, "உங்க வீட்டம்மா வாரத்துல ரெண்டு நாள் இங்க வருவாங்களா?"

அண்ணியிடம் கேட்டோம். "சலவைக்கூடத்துல எனக்கு உட்கார நாற்காலி இருக்கு, கதகதன்னு இருக்கு," என்றார் அண்ணி. "அந்த ஐஸ்பெட்டிக்குள்ள இந்த மனுஷன் சுத்தறதை வேற பார்க்கணுமா? வரலைன்னு சொல்லிடுங்க."

அன்று மத்தியானமே முதலாளியம்மா அதே வகைச் சிவப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தையல்கடைத் தெருவில் நேராக வேனை நிறுத்தினேன். தையல்கார அம்மா மெஷினை நிறுத்தாமலே நிமிர்ந்தார்.

"அன்னிக்கு நீங்க சொன்னதுதான் சரிம்மா," என்றார் அண்ணன், வாசற்படியிலேயே நின்று. "ஈரச் சாக்குதான். அது கெட்ட பாட்டில். எனக்குத்தான் தெரியல. தெரியாமலே நல்லதுன்னு சொல்லிட்டேன்."

மெஷின் நின்றது. "எங்க நாக்குல தப்பில்லையா?"

"இல்ல."

"நாலு மாசமா வீட்டுல என்னைக் கிண்டல் பண்றாருங்க. இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு தடவை ஒயின் வாங்கினா அதுலயும் குறை சொன்னேன்னு." பாட்டிலை வாங்கிப் பார்த்தார். "இதை எப்ப குடிக்கணும்? அடுத்த கல்யாண நாள் வரைக்கும் வைக்கலாமா?"

"தாங்கும், படுக்க வச்சா. ஆனா அதுவரைக்கும் இது நல்லதா கெட்டதான்னு தெரியாமலேயே கிடக்கும். என்னால அது முடியாதும்மா. இப்பவே திறங்க. நீங்களே மோந்து சொல்லுங்க."

திருகி இடுப்பில் இல்லை. கை அங்கே போய் வெறும் சட்டையைத் தடவித் திரும்பியது. என் சாவிக்கொத்தில் இருந்த மடக்குத் திருகியைக் கொடுத்தேன். தக்கை வந்ததும் அந்த அம்மா மூக்கைப் பாட்டில் வாயிலேயே வைத்தார். அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எட்டு மாதத்தில், கையில் கிளாஸ் இல்லாதபோது அந்தக் கால் ஆடாமல் நான் பார்த்தது டீசல் கொட்டின அன்றைக்கு ஒரு தடவை, இப்போது ஒரு தடவை.

"சாக்கு இல்ல," என்றார் தையல்கார அம்மா. மறுபடி மோந்தார். "நல்லாத்தான் இருக்கு. இருங்க, அவர் உள்ள தூங்கறாரு, எழுப்பறேன். நீங்களும் உட்காருங்க."

ஒரே ஒரு ஸ்டூல் இருந்தது, அதன் மேல் பாதி தைத்த சட்டை. அண்ணன் சட்டையை எடுத்து மடித்தார், மடித்ததைப் பிரித்து வேறு மாதிரி மடித்தார், ஸ்டூலை ஓரமாக நகர்த்தினார். உட்காரவில்லை.

"திறந்தாச்சு," என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "ரெண்டு மூணு நாளுக்கு மேல வைக்காதீங்கம்மா!"